மலை உச்சிக்கு லாரியில் போன என்ஜின்

டர்போ சூப்பர் சார்ஜர் தந்த டாக்டர் மாஸின் வாழ்க்கை

1918-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஐரோப்பாவில் முதல் உலக யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில், பல ஆயிரம் மைலுக்கு அப்பால், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பைக்ஸ் பீக் என்ற மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

லாரியின் மேல் இருந்தது விசித்திரமான சரக்கு. பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட ஒரு விமான என்ஜின்! சிறகு இல்லை, வால் இல்லை, விமானமே இல்லை. வானத்தில் பறக்க வேண்டிய என்ஜின் லாரியின் முதுகில் உட்கார்ந்து மலை ஏறிக்கொண்டிருந்தது.

இது என்ன கூத்து?

கூத்து அல்ல. ஒரு மனிதரின் பதினைந்து வருஷ உழைப்புக்கு அன்று பரீட்சை. தேறினால், அதுவரை எந்த விமானமும் எட்டாத உயரத்துக்கு விமானங்கள் போகலாம். தோற்றால், அந்த மனிதர் காகிதத்தில் போட்ட கணக்கெல்லாம் காகிதத்தோடு போகவேண்டியதுதான்.

அந்த மனிதரின் பெயர் டாக்டர் ஸான்போர்டு மாஸ். அப்பொழுது அவருக்கு வயது 46.

பட்டறைப் பையன்

மாஸ் 1872-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி ஸான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். பதினாறாவது வயதில் ஒரு பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். காற்றை அழுத்தி அடைக்கும் யந்திரங்களைச் செய்யும் பட்டறை அது. மற்றப் பையன்களைப்போல அவரும் அரம் பிடித்து ராவினார். எண்ணெயும் கரியுமாக வீடு திரும்பினார்.

ஆனால் கை வேலை செய்தபோது மனம் சும்மா இருக்கவில்லை. அழுத்தி அடைத்த காற்றில் எண்ணெயைத் தெளித்துக் கொளுத்தினால் என்ன ஆகும்? சூடேறிய காற்று சீறிக்கொண்டு வெளியே பாயும். அந்தச் சீற்றத்தை ஒரு சக்கரத்தின் மேல் பாயவிட்டால் சக்கரம் சுழலும். கொதிகலன் வேண்டாம், நீராவி வேண்டாம், பிஸ்டன் மேலும் கீழும் போய்வர வேண்டாம். சுழலும் சக்கரமே என்ஜின் ஆகிவிடும் அல்லவா?

இதற்குத்தான் 'காஸ் டர்பைன்' என்று பெயர். இந்த எண்ணம் மாஸைப் பிடித்துக்கொண்டது. கடைசி வரையில் விடவில்லை.

பட்டறைப் படிப்பு போதாது என்று கண்ட அவர், கலிபோர்னியா சர்வகலாசாலையில் சேர்ந்து 1896-ல் பட்டம் பெற்றார். 1900-ல் மேல் பட்டமும் பெற்றார். பிறகு நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்கே சென்று, கார்னெல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். எடுத்துக்கொண்ட பொருள் வேறு என்ன? காஸ் டர்பைன்தான்.

சுழன்றது; பயனில்லை

கார்னெலில் மாஸ் ஒரு சிறு யந்திரத்தை அமைத்தார். எரிபொருள் எரிந்தது; சூடான காற்று பாய்ந்தது; சக்கரம் சுழன்றது. பார்த்தவர்கள் வியந்தார்கள்.

ஆனால் மாஸ் கணக்குப் பார்த்தார். உள்ளே செலுத்துவதற்காகக் காற்றை அழுத்த எவ்வளவு சக்தி செலவாயிற்று? சக்கரம் சுழன்று எவ்வளவு சக்தி கொடுத்தது? செலவு அதிகம், வரவு குறைவு. பத்து ரூபாய் முதல் போட்டு மூன்று ரூபாய்க்கு விற்கும் வியாபாரம் போல இருந்தது. யந்திரம் தானாக ஓடவே வழியில்லை.

உள்ளது உள்ளபடி எழுதினார். 1903-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது. மாஸசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் அவர் அமர்ந்தார்.

அங்கேயும் அதே பல்லவிதான். நாலு வருஷம் பாடுபட்டும் வரவு செலவு கட்டவில்லை. அந்தக் கடும் சூட்டைத் தாங்கி உழைக்கும் உலோகம் அந்நாளில் இல்லை. காற்றை அழுத்தும் யந்திரமும் இன்னும் திருந்தவில்லை. 1907-ல் கம்பெனி அந்த ஆராய்ச்சியை மூட்டை கட்டி வைத்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். மாஸ் தோல்வியிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து எடுத்துக்கொண்டார். வேகமாகச் சுழன்று காற்றை வெளியே வீசி அழுத்தும் சக்கரம் அது. கொல்லன் உலைக்குத் துருத்தி எப்படியோ, அப்படி இரும்பு உருக்கும் பெரிய உலைகளுக்கு அந்தக் காற்று யந்திரங்கள் பயன்பட்டன. கம்பெனிக்கு நல்ல வியாபாரம். மாஸுக்கும் பெயர் கிடைத்தது. ஆனால் நெஞ்சின் ஓரத்தில் பழைய கனவு தூங்கிக்கொண்டிருந்தது.

உயரே போனால் மூச்சுத் திணறல்

யுத்தம் அந்தக் கனவைத் தட்டி எழுப்பியது.

மலை ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. ஏன்? மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. மனிதனுக்கு உள்ள இந்தக் கஷ்டம் என்ஜினுக்கும் உண்டு. பெட்ரோல் எரியப் பிராணவாயு வேண்டும். அடுப்பில் எவ்வளவு விறகை அடுக்கினாலும் காற்று இல்லாவிட்டால் புகைதானே மிச்சம்? பதினாலாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் மூன்று பங்குதான். என்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கிவிடும்.

யுத்த விமானிகளுக்கு இது உயிர்ப் பிரச்னை. ஆகாயச் சண்டையில் மேலே இருப்பவன் கை ஓங்கும். எதிரியைவிட இரண்டாயிரம் அடி உயரே போக முடிந்தால் அவன் தலைமேல் பாயலாம். போக முடியாவிட்டால் அவன் நம் தலைமேல் பாய்வான்.

இதற்கு வழி, அடுப்புக்கு ஊதுகுழல் வைப்பதுதான். வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கவேண்டும். திணிக்கும் கருவிக்கு 'சூப்பர் சார்ஜர்' என்று பெயர். ஆனால் அதைச் சுழற்ற வேறு சக்தி வேண்டுமே? என்ஜினிலிருந்தே பல்சக்கரம் வைத்து எடுத்தால், என்ஜின் தரும் சக்தியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

இங்கேதான் ஒரு யுக்தி பிறந்தது. என்ஜின் கக்கும் புகை கொதிக்கும் சூட்டோடு வெளியேறிக் காற்றில் கலந்து வீணாகிறது. அந்தப் புகையை ஒரு டர்பைன் சக்கரத்தின் மேல் பாயவிட்டு, அதே அச்சின் மறுகோடியில் காற்றுச் சக்கரத்தைப் பொருத்தினால்? வீணாகும் புகையே புதுக் காற்றை உள்ளே தள்ளும்! அதற்கு 'டர்போ சூப்பர் சார்ஜர்' என்று பெயர்.

இந்த எண்ணம் மாஸுக்கு முன்பே ஸ்விட்சர்லாந்தில் உதித்தது. ஆல்பிரட் புக்கி என்ற என்ஜினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். யுத்த காலத்தில் பிரான்ஸில் அகஸ்டு ராட்டோ என்ற நிபுணர் விமான என்ஜினுக்கு ஏற்ற ஒரு கருவியைச் செய்தார். அந்தச் செய்தி அமெரிக்காவை எட்டியது.

அமெரிக்க விமான ஆராய்ச்சிக் கமிட்டியின் தலைவராக அப்பொழுது இருந்தவர் வில்லியம் டூராண்டு. மாஸ் கார்னெலில் படித்தபோது அங்கே பேராசிரியராக இருந்தவர். காஸ் டர்பைன், காஸ் டர்பைன் என்று உயிரை விட்ட மாணவனை அவர் மறக்கவில்லை. 1917-ம் ஆண்டின் இறுதியில் அவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியை அணுகினார். பத்து வருஷத்துக்கு முன் மூட்டை கட்டிய ஆராய்ச்சியின் முடிச்சு அவிழ்ந்தது.

ஆகாயத்துக்குப் பதில் மலை

மாஸ் ஒரு கருவியைச் செய்து முடித்தார். லிபர்ட்டி என்ஜினில் அதைப் பொருத்தினார். லிபர்ட்டி, 27 லிட்டர் கொள்ளளவுள்ள ராட்சத என்ஜின்.

எங்கே சோதிப்பது? தரையில் முழுக் காற்றையும் திணித்தால் என்ஜின் தாங்காது; வெடித்துச் சிதறினாலும் சிதறும். தவிர, உயரத்தில் உள்ள மெல்லிய காற்றிலல்லவா அதன் திறமையைப் பார்க்கவேண்டும்? பறக்கும் விமானத்திலோ என்ஜினின் சக்தியைத் துல்லியமாக அளப்பது எளிதல்ல.

மாஸ் யோசித்தார். உயரந்தானே வேண்டும்? மலையில் உயரம் இருக்கிறது. காலுக்குக் கீழே தரையும் இருக்கிறது! பைக்ஸ் பீக்கின் உச்சி 14,109 அடி. அதன் உச்சி வரை மோட்டார் பாதை போட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்தன. என்ஜினையும், சக்தியை அளக்கும் கருவியையும் லாரியில் ஏற்றினார். லாரியே நடமாடும் ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று.

உச்சியில் குளிர் எலும்பைத் துளைத்தது. நின்று வேலை செய்வோருக்கே மூச்சு வாங்கியது. அந்த நிலையில் போல்ட்டுகளை முடுக்கி, குழாய்களை இணைத்து, என்ஜினைக் கிளப்பினார்கள்.

கீழே, ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், மக்குக் பீல்டு விமானத் தளத்தில் சோதித்தபோது அந்த என்ஜின் கொடுத்த சக்தி 350 குதிரைச் சக்தி. மலை உச்சியில், கருவியை இணைக்காமல் ஓட்டியபோது கிடைத்தது 230 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு பறந்துவிட்டது!

பிறகு டர்போ சூப்பர் சார்ஜரை இணைத்தார்கள். புகை பாய்ந்தது, சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் இருபதாயிரம் சுற்று சுழன்றது. அளக்கும் கருவி காட்டிய கணக்கு 356 குதிரைச் சக்தி.

கடல் மட்டத்துக்கு அருகே இருந்ததைவிட ஆறு அதிகம்! பதினாலாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம் என்பதே என்ஜினுக்குத் தெரியவில்லை.

ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்றவேண்டும்

காரியம் முடிந்துவிட்டதா? இனிமேல்தான் ஆரம்பம்.

ஓர் என்ஜினில் சூப்பர் சார்ஜரைப் பூட்டுவது, வீட்டின் மேல் மாடி கட்டுவது போன்றது. அஸ்திவாரம் தாங்குமா என்று முதலில் பார்க்கவேண்டும். காற்று அதிகம் போனால் அதற்கு ஏற்பப் பெட்ரோலும் அதிகம் போகவேண்டும். ஆகவே கார்புரேட்டரும் பெட்ரோல் பம்பும் மாறவேண்டும். அதிகம் எரிந்தால் சூடு அதிகம், ரேடியேட்டர் பெரிதாகவேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோல் முறையாக எரியாமல் சட்டென்று வெடித்துப் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். அதைத் தடுக்க நல்ல ரகப் பெட்ரோல் வேண்டும்.

இன்னும் ஒரு சங்கடம். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? அதைப்போலக் காற்றை அழுத்தினாலே அது சூடாகிவிடும். சூடான காற்று விரியும். திணித்த லாபத்தில் பாதி போய்விடும். ஆகவே வழியில் அதைக் குளிர வைக்க ஒரு தனிக் கருவி தேவைப்பட்டது. அதுதான் 'இன்டர்கூலர்'.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி டர்பைன் சக்கரம். ஒரு பக்கம் பழுக்கக் காய்ச்சும் புகை; இன்னொரு பக்கம் பயங்கர வேகம். சக்கரத்தின் அலகுகள் நீண்டன, விரிசல் கண்டன, பிய்த்துக்கொண்டு பறந்தன. மாஸ் சக்கரத்தை வெளிக்காற்று படும் இடத்தில் வைத்துக் குளிரச் செய்தார். உலோகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். இந்தப் போராட்டம் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் இருபது வருஷம் நடந்தது.

விமானி பட்ட பாடு

மலைப் பரீட்சை முடிந்த சில வாரங்களில், 1918 நவம்பரில், யுத்தமும் முடிந்தது. கருவி போர்க்களத்தைக் காணவில்லை. ஆனால் ராணுவம் அதைக் கைவிடவில்லை. லெபேர் என்ற இரட்டைத் தட்டு விமானத்தில் அதைப் பொருத்திப் பறந்து பார்த்தார்கள்.

1920-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி மேஜர் ஷ்ரோடர் என்ற விமானி அதில் ஏறினார். 33,000 அடிக்கு மேல் போய்விட்டார். அதுவரை எந்த விமானமும் எட்டாத உயரம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டிய குளிர். அங்கே அவருடைய பிராணவாயு தீர்ந்தது. கண்ணாடியை விலக்கிப் பார்க்க முயன்றார், கண்கள் உறைந்துபோயின. நினைவு தப்பியது.

விமானம் கல்லைப்போல விழுந்தது. ஐந்து மைலுக்கு மேல்! தரையை நெருங்கும் தறுவாயில் அவருக்கு நினைவு வந்தது. அநேகமாகக் குருடராகவே விமானத்தை நிமிர்த்தித் தரையில் இறக்கினார். உயிர் பிழைத்தார்; பார்வையும் திரும்பியது.

என்ஜினுக்கு மூச்சு கொடுத்தாகிவிட்டது. மனிதனுக்கு யார் கொடுப்பது? அந்தப் பிரச்னையை அன்று உலகம் நேருக்கு நேர் கண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மக்ரெடி என்ற விமானி அதே ரக விமானத்தில் 34,500 அடியைத் தொட்டுத் திரும்பினார்.

பொறுத்தவர் கண்ட பலன்

இத்தனைக்குப் பிறகும் பரவலான உபயோகத்துக்கு வரவில்லை. சமாதான காலத்தில் ராணுவத்திடம் பணம் இல்லை. கருவி சிக்கலானது, தீப்பிடிக்கும், நம்ப முடியாது என்று பலர் ஒதுக்கினார்கள். பல்சக்கர சூப்பர் சார்ஜரே போதும் என்றார்கள் சிலர். கண்ணாடியும் குறுந்தாடியுமாக மாஸ் லின் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தலை நரைத்தது.

1930-களில் காற்று திரும்பி வீசியது. சூட்டைத் தாங்கும் புதிய கலப்பு உலோகங்கள் கிடைத்தன. உயர்ந்த ரகப் பெட்ரோலும் கிடைத்தது. 1938-ல் நான்கு என்ஜின் கொண்ட போயிங் பி-17 விமானம் ஒன்றில் டர்போ சூப்பர் சார்ஜர்களைப் பொருத்தினார்கள். முதலில் சிறகின் மேல்பக்கம் வைத்தார்கள், சரிப்படவில்லை. கீழ்ப்பக்கம் மாற்றினார்கள். விமானத்தின் வேகமும் உயரமும் எகிறின.

அதே 1938-ல் மாஸ் ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்வு நீடிக்கவில்லை. மறுபடி யுத்த மேகம் சூழவே, கம்பெனி அவரைத் திரும்ப அழைத்தது. 1940-ம் ஆண்டுக்கான காலியர் பரிசு அவருக்கும் ராணுவ விமானப் படைக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஆர்வில் ரைட் ஒரு காலத்தில் பெற்ற அதே பரிசு! பட்டறையில் அரம் பிடித்த பையன் 68-வது வயதில் அதைப் பெற்றார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பி-17, பி-24 குண்டு விமானங்களும், பி-38, பி-47 சண்டை விமானங்களும் மாஸின் கருவியோடு பறந்தன. பி-17 ரகத்தில் மட்டும் 12,700 விமானங்களுக்கு மேல் செய்தார்கள். அவை இருபத்தையாயிரம் அடி உயரத்திலிருந்து குண்டு வீசின. கீழே ஊர்கள் எரிந்தன. மூச்சுக் கொடுக்கப் பிறந்த கருவி பல்லாயிரம் பேரின் மூச்சை நிறுத்தவும் துணை போயிற்று. விஞ்ஞானத்தின் இரு முனைக் கத்தி அது.

பழைய கனவு பலித்தது

1941-ல் ஒரு விசேஷம் நடந்தது. இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் என்ஜினை அமெரிக்காவிலும் செய்யவேண்டும் என்று ராணுவம் முடிவு செய்தது. யாரிடம் கொடுப்பது? ஜெட் என்ஜின் என்பது வேறொன்றுமில்லை. காற்றை அழுத்தி, எரிபொருளைக் கொளுத்தி, சக்கரத்தைச் சுழற்றும் காஸ் டர்பைன்தான். சூட்டிலும் வேகத்திலும் நிற்கும் சக்கரத்தைச் செய்து பழகியவர்கள் லின் தொழிற்சாலைக்காரர்கள். வேலை அவர்களிடமே வந்தது. 1942 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் பறந்தது.

பதினாறு வயதில் கண்ட கனவு! 1903-ல் வரவு செலவு கட்டாமல் நின்றது. 1907-ல் மூட்டை கட்டப்பட்டது. எழுபது வயதில் மாஸ் அதைத் தம் சொந்தத் தொழிற்சாலையிலேயே கண்ணாரக் கண்டார். வாழ்க்கையில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?

1946-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி டாக்டர் மாஸ் காலமானார். அவருக்கு வயது 74.

லாரிக்கே திரும்பியது

ஸ்விட்சர்லாந்தின் புக்கியும் சோர்ந்துவிடவில்லை. அவர் டீசல் என்ஜினை எடுத்துக்கொண்டார். புதுக் காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும்படி மாற்றி, மிச்சப் புகையைக் கழுவி வெளியேற்ற வழி செய்தார். கருவியை மட்டும் பூட்டினால் போதாது, என்ஜினையும் அதற்கு ஏற்றபடி திருத்தவேண்டும் என்ற பாடத்தை அவரும் அனுபவத்தில் கற்றவர். 1926-ல் இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் 1,750 குதிரைச் சக்தி தந்த டீசல் என்ஜின்கள் அவர் முறையால் 2,500 தந்தன. 1938-ல் ஸ்விட்சர்லாந்தின் ஸாரர் கம்பெனி டர்போ வைத்த லாரி என்ஜினைச் செய்தது.

இன்று நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிச் செல்லும் டீசல் லாரிகளில் டர்போ இல்லாத லாரியைக் காண்பது அரிது. மேட்டில் ஏறும்போது கேட்கும் அந்த மெல்லிய சீழ்க்கை ஒலி, புகையால் சுழலும் சிறு சக்கரத்தின் குரல்தான்.

1918-ல் ஒரு லாரி, ஓர் என்ஜினைச் சுமந்துகொண்டு மலை ஏறிற்று. அந்த என்ஜின் உச்சியில் கற்றுக்கொண்ட வித்தையை இன்று லாரிகளே கற்றுக்கொண்டு, பாரத்தோடு மலை ஏறுகின்றன. சுமந்தவனுக்குக் கூலி கிடைத்துவிட்டது!